சேறு காயும் முன்

லிவர்பூல் நகரின் ஆன்ஃபீல்டு மைதானத்தில், பிரதான அரங்கின் அடியில் ஒரு சின்ன அறை இருந்தது. ஆட்டக்காரர்களின் பூட்ஸைக் கழுவி, துடைத்து, மாட்டிவைப்பதற்கான அறை. ஈரத் தோலும் மெழுகும் சேர்ந்த வாடை அங்கே எப்போதும் தங்கியிருக்கும். உட்கார நாற்காலி கிடையாது. பீர் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். 1959 டிசம்பரில் பில் ஷாங்க்லி லிவர்பூல் கால்பந்து அணியின் மேலாளராக வந்தபோது, அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்த பயிற்சியாளர்களை அவர் மாற்றவில்லை. பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் ஆகியோர் பயிற்சி முடிந்ததும் அந்த அறையில் கூடுவார்கள். சுற்றிலும் பூட்ஸ் தொங்க, அன்றைய ஆட்டத்தையும் அடுத்த வார ஆட்டத்தையும் அலசுவார்கள்.

1974இல் ஷாங்க்லி விலகியதும் பெய்ஸ்லி பொறுப்பேற்றார். கொத்தனார் வேலை பழகியவர், அதிகம் பேசாதவர். ஒன்பது ஆண்டுகளில் ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் அவரது அணிக்குக் கிடைத்தன. அவருக்குப் பின் ஃபேகன். வந்த முதல் பருவத்திலேயே, 1984இல், லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றும் வந்தன. பின்னாளில் ரோனி மோரன் இடைக்கால மேலாளர் ஆனார். ராய் எவன்ஸ் 1994 முதல் 1998 வரை அணியை நடத்தினார். எல்லோரும் அதே அறையிலிருந்து வந்தவர்கள். ஒரு நகரத்தின் கால்பந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பூட்ஸ் துடைக்கும் அறையிலிருந்து நடத்தப்பட்டிருக்கிறது.

இதற்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்கள் சரியானவைதான். ஆட்கள் மாறாமல் இருந்தார்கள், ஒருவரை ஒருவர் நம்பினார்கள். ஒவ்வொரு நாளும் என்ன பயிற்சி நடந்தது, யாருக்கு எங்கே அடிபட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் அதைப் புரட்டிப் பார்த்தார்கள். எதிரணி மேலாளரையும் ஆட்டம் முடிந்ததும் உள்ளே அழைத்து, குடிக்கக் கொடுத்துப் பேச வைத்தார்கள். ஆனால் அந்த அறையில் மனிதர்களைவிட அதிகமாக இருந்தது பூட்ஸ். அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஆட்டம் முடிந்து கழற்றிய பூட்ஸ் நிறையச் சொல்லும். வலது காலால் உதைப்பவரின் பாரம், உதைக்கும் நொடியில், முழுவதும் இடது காலில் நிற்கிறது. அதனால் இடது பூட்ஸின் அடி வேறு விதமாகத் தேயும். பந்தைப் பக்கவாட்டில் தடவி ஓட்டுபவருக்கு மேல்தோலின் உட்புறம் முதலில் வெளுக்கும். நுனியால் குத்துபவருக்கு முன்பக்கத் தையல் முதலில் விடும். ஒரு காலில் மட்டும் குதிகால் ஓரம் வழக்கத்தைவிட வேகமாகத் தேயத் தொடங்கினால், அவர் அந்தக் காலை வேறு மாதிரி ஊன்ற ஆரம்பித்திருக்கிறார், எங்கோ ஒரு வலியை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். ஆட்டக்காரர் நடந்துபோவதைப் பார்த்தே அடி எங்கே என்று பெய்ஸ்லி சொல்லிவிடுவார் என்பது அவரோடு இருந்தவர்கள் பலரும் சொல்வது. அந்தக் கண் பூட்ஸால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தினமும் இருபது ஜோடியைப் புரட்டிப் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு, காலைப் பற்றிய செய்தி கேட்காமலே வந்து சேரும்.

பூட்ஸைப் பராமரிப்பது அழகுக்காகச் செய்யும் வேலை என்று இன்று நினைக்கிறோம். நெடுங்காலம் அது ஆடுவதற்கே நிபந்தனையாக இருந்தது.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் உடைக் கணக்கில், 1526ஆம் ஆண்டு, கால்பந்துக்கென்று ஒரு ஜோடித் தோல் பூட்ஸ் வாங்கிய பதிவு இருக்கிறது. விலை நான்கு ஷில்லிங். அதற்குப் பிறகு மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் சாதாரண மக்கள் வேலைக்குப் போட்டுப்போன பூட்ஸோடுதான் ஆடினார்கள். வழுக்காமலிருக்க அடியில் ஆணி அடித்துக்கொண்டார்கள். எதிரியின் கணுக்கால் கிழிந்தது. 1863இல் கால்பந்துச் சங்கம் முதன்முதலாக விதிகளை எழுதியபோது, பதின்மூன்றாவது விதி பூட்ஸைப் பற்றியதாகவே அமைந்தது: நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியோ இரும்புத் தகடோ கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பிசினோ அடியில் வைத்திருப்பவர் ஆடக் கூடாது. பந்து எந்த அளவு இருக்க வேண்டும் என்பதைவிட, பூட்ஸின் அடியில் என்ன இருக்கக் கூடாது என்பதில்தான் அவர்கள் கவனம் போயிருக்கிறது. தோலால் ஆன ஸ்டட் என்ற அடிக்குமிழும் பட்டையும் 1891இல் அனுமதிக்கப்பட்டன, அரை அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு.

அந்தக் காலத்து பூட்ஸ் கணுக்காலுக்கு மேல் ஏறியிருக்கும். தடித்த மாட்டுத் தோல், கெட்டியான முன்முனை. காய்ந்த நிலையிலேயே ஒரு பூட்ஸ் அரைக் கிலோவை நெருங்கும். மழையில் நனைந்தால் அது ஏறிக்கொண்டே போகும். புது ஜோடி வாங்கியவர்கள் அதைக் காலில் மாட்டிக்கொண்டே வெந்நீரில் உட்கார்ந்து, காலின் வடிவத்துக்குப் பழக்கினார்கள். தோல் ஸ்டட்டை ஆணி வைத்து அடித்திருப்பார்கள். ஸ்டட் தேயத் தேய ஆணி மேலேறி உள்ளங்காலைக் குத்தும். ஆகவே ஆட்டத்துக்கு முன் ஒருவர் கையை உள்ளே விட்டு ஆணி முனை தட்டுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தட்டினால் சுத்தியால் மடக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சேற்றை நீக்கி, காயவைத்து, டப்பின் பூச வேண்டும். மெழுகு, எண்ணெய், விலங்குக் கொழுப்பு மூன்றும் கலந்த பசை அது. இந்த வேலையை ஒரு வாரம் விட்டுவிட்டால் அடுத்த வாரம் அந்த பூட்ஸ் பலகைபோல் விறைத்துக்கொள்ளும்.

பூட்ஸின் பராமரிப்பு உலகக் கோப்பை வரை போன கதை ஒன்று உண்டு. 1954 ஜூலை 4, சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரம், இறுதி ஆட்டம். ஒருபுறம் புஷ்காஷ் தலைமையிலான ஹங்கேரி. நான்கு ஆண்டுகளாகத் தோல்வியே காணாதது, முதல் சுற்றில் இதே மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கியது. அன்று மழை. ஜெர்மன் அணித் தலைவர் ஃப்ரிட்ஸ் வால்டருக்குப் போர்க்காலத்தில் மலேரியா வந்திருந்ததால் வெயிலில் தளர்ந்துபோவார், மழையில் பிரகாசிப்பார். அணியின் கூடவே ஹெர்ஸோகனௌராக் என்ற சிற்றூரின் செருப்புத் தொழிற்சாலைக்காரர் ஆடி டாஸ்லர் வந்திருந்தார். 1949இல் அடிடாஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தவர் அவர். உலகக் கோப்பை முழுவதும் அவர் செய்த வேலை, ஆட்டக்காரர்களின் பூட்ஸைக் கவனித்துக்கொள்வது. ஈரத் தரைக்கு ஏற்றபடி திருகிக் கழற்றி நீளமானதைப் பொருத்தக்கூடிய ஸ்டட்டுகளை அவர் மாட்டிக்கொடுத்தார். எட்டு நிமிடத்தில் 2-0 என்று பின்தங்கிய ஜெர்மனி, ஹெல்முட் ரான் 84ஆவது நிமிடத்தில் அடித்த கோலால் 3-2 என்று வென்றது.

அந்த வெற்றியை ஸ்டட்டின் கணக்கில் மட்டும் எழுதுவது மிகை. ரானின் இடது காலுக்கும் ஜெர்மன் கோல்கீப்பரின் கைகளுக்கும் பங்கு இருக்கிறது. திருகு ஸ்டட்டை முதலில் செய்தது யார் என்பதில் டாஸ்லர் சகோதரர்களின் அடிடாஸ், பூமா ஆகிய இரு நிறுவனங்களுக்கும் இடையே வழக்கும் உண்டு. ஆனாலும், வானத்தைப் பார்த்து, புல்லைத் தொட்டுப் பார்த்து, பூட்ஸின் அடியை அதற்கேற்ப மாற்றித் தர ஒருவர் கையில் ஸ்டட் திருகும் சாவியோடு காத்திருந்தார் என்பது உண்மை. அவர் ஒரு நிறுவனத்தின் முதலாளி என்பதும் உண்மை. அந்த வேலையை அவர் தன் தகுதிக்குக் குறைந்ததாக எண்ணவில்லை.

தோலுக்கு ஏன் இத்தனை கவனிப்பு வேண்டியிருக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தங்கள் பூட்ஸைக் கொல்கிறார்கள்.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்கள் பின்னிப் பிணைந்த வலை. பதனிடும்போது அந்த நார்களுக்கு இடையே எண்ணெய் ஏற்றுகிறார்கள். நார் நாரோடு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு நகர்வதால்தான் தோல் வளைகிறது, காலின் வடிவம் வாங்குகிறது. ஆட்டத்தில் நனைந்த தோல் காயும்போது வெளியேறும் நீர் நார்களை நெருக்கி இழுக்கிறது. நனைந்து நனைந்து காய எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சேறு மேலே அப்பியபடி காய்ந்தால் அதுவும் தோலிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வியர்வையின் உப்பு வெள்ளைக் கோடாக மேலே படியும். எனவே சேறு காயும் முன் அதை எடுத்துவிடுவது பாதி வேலை. இரண்டு பூட்ஸையும் அடியோடு அடி தட்டினால் பெரிய கட்டிகள் விழும். ஸ்டட்டுகளுக்கு நடுவே இறுகியதை மரக்குச்சியால் நெம்பலாம். கத்தியும் திருப்புளியும் அடித்தட்டைக் கீறிவிடும்.

பிறகு லேஸைக் கழற்ற வேண்டும். இதைப் பலரும் செய்வதில்லை. லேஸோடு கழுவினால் நாக்குக்கும் ஓரங்களுக்கும் நடுவே மண் தங்கி, ஒவ்வோர் அசைவிலும் மணல் தாள்போல் தையலை அறுக்கும். லேஸைத் தனியே சோப்பு நீரில் ஊறவைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் மெத்தை அட்டை கழன்று வரக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். மேல்தோலுக்கு ஒரு வாளி வெதுவெதுப்பான நீர், துணி, பல் துலக்கிப் பழசான பிரஷ், இரண்டு சொட்டு மென்மையான சோப்பு போதும். துணி துவைக்கும் சோப்பும் பவுடரும் வேண்டாம். தோல் லேசான அமிலத் தன்மை உடையது. காரம் கூடிய சோப்பு பதனிட்டவர் ஏற்றிய எண்ணெயை உரித்தெடுத்துவிடும். குழாயடியில் நீட்டி நனைப்பதும், வாளியில் முக்கிவைப்பதும், வாஷிங் மெஷினில் போடுவதும் கூடவே கூடாது. மெஷினின் சூடும் சுழற்சியும் அடித்தட்டை மேல்தோலோடு பிணைத்திருக்கும் பசையை விடுவிக்கும். பூட்ஸ் வாய் பிளந்துகொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

காயவைப்பதுதான் முக்கியமான கட்டம். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு உள்ளே இருப்பதைவிட வேகமாகச் சுருங்கும். தோல் வெடிக்கும், நிறம் வெளுக்கும், பசை இளகும். குளிர் நாடுகளில் ரேடியேட்டர் மேல் வைத்துக் கெடுக்கிறார்கள், நம் ஊரில் மொட்டை மாடியில் வைத்துக் கெடுக்கிறோம். ஏப்ரல் மாதத்துச் சென்னையில் கதவடைத்து நிறுத்திய காரின் பின்பக்கத்தில் பூட்ஸ் பையை விட்டுவைப்பதும் அதே சேதத்தைத்தான் செய்யும். நிழல், காற்று, பொறுமை ஆகிய மூன்றே மருந்து. உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் அது ஈரத்தை உறிஞ்சும், முன்பக்கம் சுருங்காமல் வடிவத்தையும் தாங்கும். தாள் ஈரமானதும் எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைக்க வேண்டும். இரவு முழுக்க அதே ஈரத் தாளை உள்ளே விட்டால் செய்த வேலை வீண். முழுதும் காய்ந்த பிறகு, தோல் கிரீமை மெல்லியதாகத் துணியில் எடுத்துத் தடவ வேண்டும். நிறையப் பூசினால் தோல் தொளதொளத்துப்போகும்.

இவை எல்லாம் அசல் தோலுக்கு. செயற்கை மேல்பகுதிக்கு கிரீம் ஏறாது, தேவையுமில்லை. ஈரத் துணியும் நிழலும் போதும். நூலால் பின்னிய பூட்ஸில் மண் இழைகளுக்குள் இறங்கிவிடுவதால் பிரஷை அழுத்தாமல், ஒரே திசையில் தேய்க்க வேண்டும்.

நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வியர்வைக்குத் தனியாக வாடை இல்லை. அதை உண்ணும் பாக்டீரியாக்கள்தான் புளித்த வாடையைக் கிளப்புகின்றன. வாசனைத் தெளிப்பான் அதை மூடும், போக்காது. பாக்டீரியாக்களுக்கு ஈரம் வேண்டும். ஈரத்தை எடுத்துவிட்டால் பெருக முடியாது. கால் விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கும் இதே கதைதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரே ஜோடியை நாள்தோறும் ஈரத்தோடு மாட்டும் பையன்களின் காலைப் பார்த்தால் இது புரியும்.

ஸ்டட் பற்றிய அக்கறை அடுத்தவர் உடம்பைப் பற்றிய அக்கறையும்கூட. திருகு ஸ்டட்டை மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் மண்ணும் துருவும் சேர்ந்து புரியை இறுக்கிவிடும். பிறகு சாவி போட்டுத் திருகினால் தலை மழுங்கும், ஸ்டட் அசையாது. கழற்றி, துடைத்து, புரியில் துளி வாசலின் தடவி மறுபடி மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. அலுமினிய ஸ்டட்டோடு சிமெண்ட் தரையில் நடந்தால் விளிம்பு பிசிறடித்துக் கத்திபோல் ஆகும். சறுக்கி வந்து பந்தைப் பறிக்கும்போது அந்த விளிம்பு எதிராளியின் முழங்காலைக் கிழிக்கும். கால்பந்தின் நான்காம் விதி காலணியைக் கட்டாயமாக்குகிறது. ஆபத்தான எதையும் அணிந்து ஆடுவதைத் தடுக்கிறது. 1863இல் எழுதிய பதின்மூன்றாம் விதியின் கவலை இன்னும் உயிரோடு இருக்கிறது.

பூட்ஸின் மண் நாட்டு எல்லையையும் தாண்டும். நியூசிலாந்துக்குப் போகிறவர்கள் வெளிப்புறத்தில் பயன்படுத்திய விளையாட்டுக் காலணி பெட்டியில் இருந்தால் எல்லையில் அதைத் தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் அடியைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஒட்டியிருக்கும் ஒரு கட்டி மண்ணில் அந்நிய நாட்டுக் களை விதையும் பயிர் நோயும் வந்துவிடக்கூடும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை.

பூட்ஸ் செய்யும் பொருளும் மாறிவந்திருக்கிறது. 1982 ஸ்பெயின் உலகக் கோப்பையை ஒட்டி அடிடாஸ் ‘கோபா முண்டியல்’ என்ற கறுப்பு பூட்ஸை வெளியிட்டது. கங்காரு தோல். அந்த விலங்கின் தோலில் கொலாஜன் நார்கள் மேற்பரப்புக்கு இணையாக அடுக்கப்பட்டிருப்பதால் மிக மெல்லியதாகச் சீவினாலும் உறுதி குறையாது. கவனித்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இந்த பூட்ஸ் இன்றும் விற்பனையில் இருக்கிறது. 1994இல் வந்த ‘பிரிடேட்டர்’ வேறு வழியில் போனது. பந்தைச் சுழற்ற மேல்புறத்தில் ரப்பர் வரிகள் வைத்த அந்த பூட்ஸின் மூல யோசனை கிரெய்க் ஜான்ஸ்டனுடையது. லிவர்பூலுக்கு ஆடி, பெய்ஸ்லியின் காலத்தையும் ஃபேகனின் காலத்தையும் பார்த்தவர் அவர். 2014இல் நூலால் பின்னிய பூட்ஸ் வந்தது. 2016இல் நைக்கி, ஈரம் பட்டதும் வழுக்கும் ஒரு பூச்சை அடித்தட்டில் சேர்த்து, சேறே ஒட்டாத பூட்ஸை அறிமுகம் செய்தது. நல்ல கண்டுபிடிப்புதான், சேற்றின் பாரம் குறைந்தால் கால் லேசாகும்.

கங்காரு தோலின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. நைக்கியும் பூமாவும் அதைக் கைவிடுவதாக 2023இல் அறிவித்தன. 2025இல் அடிடாஸும் அந்தத் தோலை வாங்குவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னது. காட்டு விலங்கைக் கொன்று எடுக்கும் தோல் வேண்டாம் என்ற குரல் வென்றிருப்பது நல்லது. ஆனால் அதன் இடத்தில் வந்திருப்பது பெரும்பாலும் பலவகைப் பிளாஸ்டிக்கை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய பொருள். பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருவது கடினம். விளம்பரமோ சில மாதத்துக்கு ஒரு முறை புது நிறத்தில் புது ஜோடியை நீட்டுகிறது. தொழில்முறை ஆட்டக்காரருக்கு நிறுவனமே கட்டுக்கட்டாக அனுப்பிவைக்கிறது; அவருக்குப் பராமரிக்கும் தேவையே இல்லை. அவரைப் பார்த்து வளரும் பையனுக்கு அந்தத் தேவை முழுதாக இருக்கிறது. அவன் பார்க்கும் படத்தில் மட்டும் வாளியும் பிரஷும் வருவதில்லை.

இங்கிலாந்தில் வாளியும் பிரஷும் ஒரு காலத்தில் எல்லாப் பையன்கள் கையிலும் இருந்தன. பதினாறு வயதில் கிளப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களுக்கு, முதல் அணியின் மூத்த ஆட்டக்காரர் இரண்டு மூன்று பேரின் பூட்ஸ் ஒதுக்கப்படும். கழுவ வேண்டும், மெருகேற்ற வேண்டும், சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தயாராக மாட்டிவைக்க வேண்டும். உடைமாற்றும் அறையைக் கூட்டுவதும் அவர்கள் வேலைதான். கிறிஸ்துமஸுக்கு அந்த மூத்தவர் கொஞ்சம் பணம் கொடுப்பார். 1990களின் கடைசியில் அகாடமி முறை வந்தபின் இந்த வழக்கம் மெல்ல மெல்ல மறைந்தது. பூட்ஸ் வேலை அணியின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரிடம் போனது. ஆன்ஃபீல்டின் அந்த அறையை 1993இலேயே இடித்துவிட்டு, பத்திரிகையாளர்களுக்கான வசதியை விரிவாக்கியிருந்தார்கள்.

பழைய ஆட்டக்காரர்கள் பலர் இதை இழப்பு என்கிறார்கள். தாங்கள் வணங்கிய ஒருவரின் பூட்ஸைக் கையில் பிடித்தபோது அடக்கம் கற்றோம், எதுவும் சும்மா வராது என்று கற்றோம் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. கூடவே வேறோர் உண்மையும் இருக்கிறது. அந்த ஏற்பாட்டின் நிழலில் சின்னப் பையன்கள் அவமதிக்கப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள் என்று பின்னாளில் பேசியவர்களும் அதே தலைமுறையினர்தான். பூட்ஸ் பளபளக்கவில்லை என்று முகத்தில் வீசுவதற்கும் அடக்கம் கற்பிப்பதற்கும் தொடர்பே இல்லை.

இந்த வழக்கத்தைப் பற்றி நம் ஊர்ப் பயிற்சியாளர் யாரேனும் படித்துவிட்டு, இளையவர்கள் மூத்தவர்களின் பூட்ஸைத் துடைக்கட்டும் என்று தொடங்கினால் அது பெருந்தீங்கு. இங்கிலாந்தில் அது வயதின் படிநிலை. சில ஆண்டுகளில் தாண்டிவிடலாம். இங்கே தோலைத் தொடும் வேலையும் அடுத்தவர் காலணியைத் துடைக்கும் வேலையும் பிறப்பை வைத்துச் சிலர் தலையில் கட்டப்பட்டவை. காலணியே சாதியின் எல்லைக்கோடாக இருந்திருக்கிறது, இருக்கிறது. தலித் மக்கள் சில தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்ற கொடுமை தமிழ்நாட்டில் பழங்கதை ஆகிவிடவில்லை. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில், அவ்வாறு மறுக்கப்பட்டிருந்த தெரு ஒன்றில் தலித் மக்கள் செருப்பணிந்து நடந்தது செய்தியாக வேண்டியிருந்தது. இந்த மண்ணில் ஒரு சிறுவனிடம் இன்னொருவரின் பூட்ஸைக் கொடுத்துத் துடை என்று சொல்வது வெறும் பயிற்சி ஆகாது. யாரிடம் சொல்கிறார்கள், யாரிடம் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதை அந்தச் சிறுவன் கவனிப்பான்.

வேறு வழி ஒன்று இருக்கிறது, அதற்குத் தமிழர் தொடர்புள்ள ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. 1910இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே காந்தியும் அவர் நண்பர் ஹெர்மன் கல்லன்பாக்கும் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்தன. டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்தில் கல்லன்பாக் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றார், மற்றவர்களும் கற்றார்கள். வேலைக்காரர் என்று அங்கே யாரும் இல்லை. தோலைத் தொடும் தொழிலைச் சாதியிலிருந்து பிடுங்கி எல்லோர் கைக்கும் கொடுத்த இடம் அது.

இந்தியக் கால்பந்து பூட்ஸுக்கு வந்த வழியே நீண்டது. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்த மோகன் பகான் அணியில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். சுதிர் சாட்டர்ஜி ஒருவர் மட்டும் பூட்ஸ் அணிந்திருந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றபோதும் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். நமது ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று ஆனது. பூட்ஸ் வந்தது. அதைப் பேணும் பழக்கத்தைச் சொல்லித்தர யாரும் மெனக்கெடவில்லை.

வடசென்னையின் வியாசர்பாடியிலும் குமரி மாவட்டத்தின் கடலோர ஊர்களிலும் கால்பந்து வீட்டு விளையாட்டு. வியாசர்பாடி, இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமாரைத் தந்த பேட்டை. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு ஜோடி பூட்ஸ் ஒரே காலோடு நிற்பதில்லை. அண்ணனுக்குச் சின்னதானதும் தம்பிக்கு, தம்பிக்குப் பின் பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்று போகிறது. அங்கே ஒரு பூட்ஸ் கூடுதலாக ஓராண்டு உழைத்தால் இன்னொரு சிறுவன் ஆடுகிறான். கெட்டித் தரையில் ஸ்டட் சீக்கிரம் தேயும், செம்மண் தூசி தையலுக்குள் போகும், கடற்கரையில் உப்பும் மணலும் சேர்ந்துகொள்ளும். கவனிப்பு இங்கேதான் அதிகம் வேண்டும்.

பள்ளிகளிலும் பேட்டைக் கிளப்புகளிலும் கால்பந்து சொல்லித்தருபவர்கள் பயிற்சி நேரத்தின் கடைசிக் கால் மணியை இதற்கு ஒதுக்க வேண்டும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் பூட்ஸை அவரவரே தட்டி, துடைத்து, தாள் திணித்து எடுத்துப் போகட்டும். பயிற்சியாளரும் தன் ஜோடியோடு அந்த வட்டத்தில் உட்கார வேண்டும். யாருடைய ஸ்டட் எப்படித் தேய்ந்திருக்கிறது, யார் எந்தக் காலை ஊன்றத் தயங்குகிறார் என்பது அப்போது அவருக்கும் தெரியவரும். இதற்குச் செலவு அதிகமில்லை: நாலு வாளி, பழைய பிரஷ், பழைய செய்தித்தாள். ஆனால் நம் மைதானங்கள் பலவற்றில் கை கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. மைதானத்துக்குக் கோல் கம்பமும் வலையும் வாங்க நிதி ஒதுக்கும் ஊராட்சிகளும் மாநகராட்சிகளும் பள்ளிகளும், ஓரத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் அதன் பக்கத்தில் ஒரு நிழல் கூரையும் போட்டுத் தர வேண்டும்.